நிலாவெளிப் பக்கம் தோட்டத்தைப் பார்த்து அறை எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஓகஸ்ட் லீவுக்கு திருகோணமலை வர இருப்பவர்கள், அதிலும் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், இதை வாசித்துவிட்டு அறைக்குக் காசு கட்டுங்கள். நிலாவெளி ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு பழைய தோட்ட ரிசோர்ட்டில் நாங்கள் பட்டதைத்தான் எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. இதே வயதில், இதே விலையில், இதே மாதிரிப் படங்களோடு உப்புவெளியிலிருந்து மேலே குச்சவெளி வரைக்கும் பல இடங்கள் இருக்கின்றன, அதனால் பெயரை விட எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பிரயோசனம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியக்கா குடும்பமும் அம்மாவும் வந்தார்கள். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, பிள்ளைகளுக்காக கடலுக்குள் இருக்கும் புறாமலைத் தீவு, இவ்வளவுதான் திட்டம். எங்கள் வீடு டவுனுக்குள், எல்லோரும் படுக்க இடம் காணாது, அதனால் கடற்கரைப் பக்கம் மலிவாக ஓரிடம் தேடினோம். இந்த இடத்தின் படங்களில் பெரிய வேப்பமரங்கள், போகன்வில்லா, புல்தரை, மரத்தடியில் கதிரைகள். அறைக்குள் எடுத்த படம் ஒன்றே ஒன்று, அது ஒரு வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். போனில் கதைத்த மனேஜர் நல்ல மரியாதையாகக் கதைத்தார், பாதிக் காசை வங்கியில் போடச் சொன்னார், போட்டோம்.

போய் இறங்கியதும் கதை மாறியது. "அக்கா, நீங்க கேட்ட கொட்டேஜில பைப் வேலை நடக்குது. பின்னால ஒண்டு இருக்கு, அதுவும் இதே மாதிரித்தான்" என்றார். மத்தியான வெயில், வேனுக்குள் பிள்ளைகள் பசியில், அம்மாவுக்குக் கால் வீங்கிப்போயிருந்தது, சீசன் என்றபடியால் பக்கத்தில் எங்கே கேட்டாலும் அறை இல்லை. முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்கு "அது கொம்பனி எக்கவுண்டுக்குப் போட்டுது, முதலாளி கொழும்பில" என்ற பதில். இந்த நேரத்தில் யாராலும் திரும்பிப் போக முடியாது, அது அவர்களுக்கும் தெரியும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும், தோட்டம் உண்மையிலேயே வடிவு. ஒரு வயதான ஐயா விடியற்காலையிலேயே எழும்பிச் சருகு கூட்டி, ஒவ்வொரு செடிக்கும் கையால் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தேன். அறை துப்புரவாக்க வந்த தம்பியும் நல்ல பிள்ளை, கேட்டதையெல்லாம் ஓடி ஓடிச் செய்தான். அவர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஐயாவின் உழைப்பைப் படமெடுத்துப் போட்டு, அதை வைத்து உள்ளே அழுகிப்போன அறையை விற்கிறார்கள், எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

கதவைத் திறந்ததும் பூஞ்சணம் மணந்தது. அலுமாரிப் பலகை ஈரத்தில் ஊதி, கதவு மூட முடியாமல் நின்றது. ஏசி வேலை செய்தது, ஆனால் சுவரோடு தண்ணீர் ஒழுகியது, வெளியே இருக்கும் பெட்டியைப் போய்ப் பார்த்தால் கடல் காற்றின் உப்புத் தின்று தகடெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. கரையோரத்தில் எந்தக் கட்டடத்துக்கும் இது நடக்கும், அதற்காகத்தான் அடிக்கடி கழுவ வேண்டும், பழசை மாற்ற வேண்டும். தோட்டத்துக்குச் செலவழிக்கிறவர்கள் இதற்குச் செலவழிக்கவில்லை.

தண்ணீர் உவர். சவர்க்காரம் நுரைக்கவில்லை, குளித்த பிறகும் உடம்பு பிசுபிசுத்தது. கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் கிடக்கும், மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில், ஆகவே சுற்றுலாக்காரர் நிறையும் ஆடி ஆவணியில் கிணறு வற்றிய நிலையில் இருக்கும். இதைத் தெரிந்த ஹோட்டல்காரர் பவுசரில் நல்ல தண்ணீர் எடுத்துத் தாங்கியில் நிரப்புவார்கள். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

இனித்தான் முக்கியமான விஷயம். அம்மா குளியலறையில் பைப்பைத் திறந்தபோது கரண்ட் அடித்தது. பெரிதாக இல்லை, கையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டா, ஆனால் ஈரக் காலோடு நின்ற எழுபது கடந்த மனுஷி. சுடுதண்ணி ஹீட்டரின் வயர் ஒட்டுப்போட்டபடி ஷவருக்கு மேலே தொங்கியது. அத்தான் வயரிங் வேலை தெரிந்தவர், உடனே போய் ட்ரிப் சுவிட்சைப் பார்த்தார், அதுதான் கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை நிற்பாட்டும் சுவிட்ச். அதில் சோதனைக்கென்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அமத்தினால் கரண்ட் உடனே நிற்க வேண்டும். அமத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. அதாவது யாருக்காவது பலமாக அடித்தாலும் அது விழும் என்று நம்ப முடியாது. மனேஜரிடம் சொன்னபோது "ஹீட்டர போடாதேங்கோ அக்கா, இந்த வெயிலுக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உயிர் போகிற விஷயத்துக்கு இதுவா பதில்? அன்றிரவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன், மற்றவர்கள் மெயின் சுவிட்ச் பெட்டியிலேயே ஹீட்டர் லைனை நிற்பாட்டிவிட்டுப் படுத்தார்கள்.

நுளம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்பக்கம் பாவிக்காத ஒரு அலங்காரக் குளம், உடைந்த பூச்சாடிகள், எல்லாவற்றிலும் புழு நெளியும் தண்ணீர். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதைப் பார்த்த எங்கள் மாவட்டத்தில் ஒரு ரிசோர்ட் இப்படி இருக்கலாமா? டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, இரவு வலையை மட்டும் நம்ப முடியாது.

கடைசியில் பில். கையால் எழுதிய துண்டு. சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கு மேல் 'வரி' 18 வீதம். வற் வரி 2024 தையிலிருந்து 18 வீதம் என்பது சரி, ஆனால் அதற்குப் பதிவு செய்த வியாபாரம்தான் அதை அறவிடலாம், பில்லில் அந்தப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். இலக்கத்தைக் காட்டுங்கள் என்று அக்கா கேட்டதும் "சரி, அத விடுங்கோ" என்று பேனையால் வெட்டிவிட்டார். கேட்காமல் கட்டிப்போனவர்கள் எத்தனை பேரோ. புறாமலைக்கும் அவர்களே படகு பிடித்துத் தருவதாக ஒரு மொத்த விலை சொன்னார்கள். அது தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் நிலாவெளிக் கரையிலேயே வாங்கலாம், இலங்கையருக்கான கட்டணம் வெளிநாட்டவருக்கானதை விட மிகக் குறைவு. நேரே போய் டிக்கெட்டை வாங்கிவிட்டுப் படகுக்காரரோடு கதையுங்கள்.

அப்போ இப்படியான பழைய இடங்களுக்குப் போகவே கூடாதா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். பகல் முழுக்கக் கடலிலும் கோயிலிலும் நின்றுவிட்டு இரவு படுக்க மட்டும் வரும் இளம் பெடியளுக்கு மலிவு விலையும் மரநிழலும் போதும், பூஞ்சணத்தைச் சகித்துக்கொள்ளலாம். வயதானவர்கள், இழுப்பு உள்ளவர்கள், கைப்பிள்ளைக்காரர் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து டவுனுக்குள் ஒரு சாதாரண அறை எடுப்பது எவ்வளவோ மேல். எதுவானாலும், தரப்போகும் அதே அறையை, குளியலறையோடு சேர்த்து, அன்றைக்கே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அறை இலக்கத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள், "அந்த அறை இல்லாவிட்டால் முழு முற்பணமும் திருப்பித் தருவோம்" என்ற வசனத்தோடு. அதை எழுதத் தயங்குகிறவருக்கு ஒரு சதமும் போடாதீர்கள். போனதும் பையை இறக்க முன்னம் ட்ரிப் சுவிட்ச் பொத்தானை அமத்திப் பாருங்கள்.

நாங்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், வங்கி ரசீது, வாட்ஸ்அப் படங்கள், அந்த வெட்டிய பில் எல்லாம் சேர்த்து. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 1977 என்ற அவர்களின் போன் இலக்கத்துக்கு அடித்தால் விபரம் சொல்வார்கள். இதே மாதிரி அறை மாற்றிக் கொடுத்து முற்பணத்தைப் பிடித்து வைத்த அனுபவம் உங்களுக்கும் இந்தக் கரையில் நடந்திருந்தால் ரசீதை எறிந்துவிடாமல் நீங்களும் எழுதிப் போடுங்கள், தனி ஒரு முறைப்பாட்டை விட ஒரே இடத்தைப் பற்றி நாலு பேர் எழுதினால்தான் வந்து பார்ப்பார்கள்.