1990 எம்எக்ஸ்-5, 1.8 இன்ஜின், மெகாஸ்குவர்ட்: மூன்று குளிர்காலம் ஓட்டிய பிறகு

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களிடம் 'குட்டை மூக்கு கிராங்க்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே பானட்டைத் திறக்கப் போய்விடுவார்கள். 1989-இல் கார் வந்ததிலிருந்து 1991 நடுப்பகுதி வரை செய்த 1.6 இன்ஜின்களில் கிராங்க்ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) முன்முனை சிறியது. புல்லி போல்ட் லேசாகத் தளர்ந்தாலே கீ (புல்லியைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) உட்காரும் பள்ளம் தேய்ந்துவிடும், டைமிங் ஆட ஆரம்பிக்கும். புல்லியின் நடுவில் நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னால் வந்த பெரியது. என்னுடையது நான்கு. பள்ளம் போய்விட்டது, இன்ஜினையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அதே காரில் பின்னால் வந்த 1.8 (1839 சிசி) இன்ஜின் பழைய கியர்பாக்ஸிலேயே உட்காரும்; கிளட்ச், ஃப்ளைவீல் மட்டும் 1.8-க்கு உரியதாக இருக்கட்டும். இங்கிலாந்தில் இருக்கிறேன் என்பதால் வண்டியின் பதிவில் இன்ஜின் நம்பரும் சிசியும் மாற்றி, இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிட்டேன். அந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

செலவைக் குறைக்க நிறைய பேர் செய்வது, புது இன்ஜினுக்கு 1.6-இன் ஈசியு (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), வயரிங், ஏர் ஃப்ளோ மீட்டர் (உள்ளே வரும் காற்றை அளப்பது) எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவது. நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் ஓட்டினேன். ஓடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நன்றாகவே ஓடும். உள்ளே வரும் காற்று ஒரு கதவைத் தள்ளித் திறக்கிறது, அது எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்ப பெட்ரோல். காற்று கூடினால் பெட்ரோலும் தானாகக் கூடும். ஆனால் பெரிய இன்ஜின் அதிக ஆர்பிஎம் போகும்போது அந்தக் கதவு முழுக்கத் திறந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வரும் காற்றை அளக்க வழியில்லை. கதவே காற்றுக்குத் தடையும் கூட. மேல் ஆர்பிஎம்மில் பிக்கப் செத்துப்போனது போல இருக்கும்.

அதனால் மெகாஸ்குவர்ட் 2, அதாவது நாமே எண்களை அமைத்துக்கொள்ளும் ஈசியு. கதவு மீட்டர் போய், இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணக்குப் போடும் முறை. மாட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, 1.6-இன் ஏர் ஃப்ளோ மீட்டருக்குள்தான் காற்று வெப்ப சென்சாரும் பெட்ரோல் பம்பை இயக்கும் சுவிட்சும் இருக்கின்றன. மீட்டரைக் கழற்றினால் பம்ப் ஓடாது. பம்ப் ரிலேயை ஈசியு இயக்கும்படி வயரை மாற்றியாக வேண்டும். இரண்டு, மேனுவல் கியர் காரின் த்ராட்டில் சென்சார் உண்மையில் வெறும் சுவிட்ச். மூடியிருக்கிறதா, முழுக்கத் திறந்திருக்கிறதா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நடுவில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் சென்சார் தனியாகப் போட வேண்டும்.

எந்த ஆர்பிஎம்மில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் பெட்ரோல் டேபிள், எல்லோரும் பயமுறுத்தும் அளவுக்குக் கஷ்டமில்லை. எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார், லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோ என்ற டியூனிங் மென்பொருள். காலியான சாலைகளில் ஓட்ட ஓட்ட அதுவே எண்களைத் திருத்திக்கொண்டு போகும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று (எடையில்) என்ற விகிதத்தை நிதான வேகத்தில் 14.7-ஐ ஒட்டியும் முழு ஆக்ஸிலேட்டரில் 12.8 பக்கமும் வைத்திருக்கிறேன். 2021 செப்டம்பரில் இங்கே இ10 பெட்ரோல் (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) வந்தபோது 'இனிமேல் 14.1 தானே சரி' என்று ஒரு குழப்பம் கிளம்பியது. சென்சார் அளப்பது லாம்டாவைத்தான், அதாவது பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதை; 1 என்றால் சரியான அளவு. வைட்பேண்டின் திரை அதைச் சாதாரண பெட்ரோலின் கணக்கில் பெருக்கிக் காட்டுவதால், திரையில் 14.7 என்றால் இப்போதும் லாம்டா 1 தான். எண்ணை மாற்ற வேண்டாம்.

உயிரை வாங்கியது குளிர் ஸ்டார்ட். இரவெல்லாம் வெளியே நின்று இரண்டு டிகிரிக்கு இறங்கிய இன்ஜினைத்தான் சோதிக்க முடியும். ஒரு தடவை ஓடிவிட்டால் சூடு ஏறிவிடும், அடுத்த முயற்சி மறுநாள் காலைதான். செல்ஃப் சுற்றும்போது கொடுக்கும் பெட்ரோல், பற்றியவுடன் சில நொடிகளுக்குக் கொடுக்கும் கூடுதல், சூடு ஏறும் வரை மெல்லக் குறையும் கூடுதல் என்று மூன்றும் தனித்தனி அமைப்பு. பற்றி உடனே அணைந்தால் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். நன்றாகப் பற்றி, நாற்பது டிகிரியில் தள்ளாடினால் மூன்றாவது. வைட்பேண்ட் சென்சார் சூடாவதற்கே அரை நிமிடம் போய்விடும், அதுவரை காதும் மூக்கும்தான். பின்னால் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் அதிகம்; முன்னால் இன்டேக் வழியாகத் தும்மினால் குறைவு. முதல் குளிர்காலம் முழுக்க இதிலேயே போனது. கம்பெனிக்காரர்கள் குளிர் அறையில் மாதக்கணக்கில் செய்யும் வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

ஐடிலும் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடுவது) லேசுப்பட்டதல்ல. ஃபேன் ஓடினாலோ ஹெட்லைட் மூடி எழுந்தாலோ ஆர்பிஎம் தொங்கும். காற்று வால்வை மட்டும் நம்பினால் அது தாமதமாகத்தான் பிடிக்கும். ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் டேபிளில் ஐடிலுக்குக் கீழே உள்ள கட்டங்களில் சில டிகிரி அட்வான்ஸைக் (ஸ்பார்க் முன்கூட்டியே வரும் அளவு) கூட்டிவிட்டேன். ஆர்பிஎம் விழுந்ததும் அட்வான்ஸ் ஏறும், இன்ஜின் தானே எழுந்துகொள்ளும். இத்தனை விலையுள்ள பெட்டியில் என்னை மிகவும் மகிழ்வித்தது இந்தச் சின்ன வேலைதான்.

சூடான ரீஸ்டார்ட்டில் குறை இன்னும் இருக்கிறது. கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் காற்று சென்சார் இன்ஜின் சூட்டில் ஊறி, காற்று ரொம்பச் சூடாக இருப்பதாக நினைத்து ஈசியு பெட்ரோலைக் குறைக்கும். சென்சாரை உலோகத்திலிருந்து விலக்கி, முன்பக்கக் குழாயில் மாட்டியதில் பெரும்பகுதி சரியானது. முழுக்க இல்லை.

வண்டியின் பழைய வியாதியும் ஒன்று உண்டு. இன்ஜின் தலையின் பின்பக்கம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் (கேம்ஷாஃப்ட் சுழலும் நிலையை ஈசியுவுக்குச் சொல்வது) ஓ-ரிங் காய்ந்து ஆயில் கசியும். ரிங் விலை சில காசு. ஆனால் சென்சாரைக் கழற்றினால் டைமிங் போய்விடும். ஈசியுவை 10 டிகிரியில் நிலையாக நிறுத்திவைத்து, டைமிங் லைட் அடித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். திரையில் தெரியும் எண் ஈசியு நினைப்பது மட்டுமே.

ஆண்டுச் சோதனையில் தொல்லை வரவில்லை. 1992 ஆகஸ்டுக்கு முந்தைய கார் என்பதால் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 சதவீதம், ஓரளவு சரியாக டியூன் செய்த இன்ஜின் அதைத் தாண்டாது. மைலேஜ் நெடுஞ்சாலையில் கொஞ்சம் கூடியது, ஊருக்குள் வித்தியாசமில்லை. மேல் ஆர்பிஎம்மில் இழுவை வந்துவிட்டது. ஆனால் சும்மா 1.8 போட்டு வேலைக்குப் போய்வருபவர் என்றால் பழைய ஈசியுவையே விட்டுவிடுங்கள். டர்போ, பெரிய கேம் என்று திட்டம் இருந்தால்தான் இந்த உழைப்புக்கு அர்த்தம்.

அடுத்து 1999 மாடலின் கிராங்க் சென்சாரைப் போடலாமா என்று பார்க்கிறேன். டைமிங் பெல்ட் வழியாகச் சுற்றும் கேம் சென்சாரில் பெல்ட்டின் ஆட்டமும் ஸ்பார்க்கில் சேர்ந்துவிடுகிறது, டைமிங் லைட்டில் குறி நடுங்குவது கண்ணுக்கே தெரிகிறது.