போர்க்கா, டாலெக்கா: தோத்துட்டே இருக்கிற வில்லன்கிட்ட பயம் எப்படி மிஞ்சும்?

வருஷக்கணக்கா ஓடுற சீரிஸ்ல ஹீரோ ஜெயிச்சாதான் அடுத்த கதையே வரும், அப்போ வில்லன் வரும்போதெல்லாம் தோத்துதான் ஆகணும், தோக்கத் தோக்க பயம் போயிடும். இதை ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூன்னு ரெண்டு சயின்ஸ் ஃபிக்‌ஷன் டிவி சீரிஸ்ல, முன்னதுல போர்க்கை வெச்சு ஒரு விதமாவும் பின்னதுல டாலெக்கை வெச்சு வேற விதமாவும் சமாளிச்சாங்க.

போர்க்ங்கறது பாதி உடம்பு பாதி மெஷினா இருக்கிற கூட்டம், பிடிச்ச ஆளையெல்லாம் தங்களை மாதிரியே மாத்திடும். அது வந்தது 1989ல, ஸ்டார் ட்ரெக்கோட நெக்ஸ்ட் ஜெனரேஷன் சீரிஸ்ல. கனசதுரமா ஒரே ஒரு கப்பல். ஃபேசர்ங்கற கதிர் துப்பாக்கியால சுட்டா ஒண்ணு ரெண்டு போர்க் விழும், அப்புறம் அதைத் தாங்கப் பழகிடும். ஹீரோ கேப்டன் பிகார்ட் ஜெயிக்கவே இல்ல, எதையும் செய்யக்கூடிய சக்தி இருக்கிற க்யூகிட்ட காப்பாத்தச் சொல்லிக் கேட்டுதான் தப்பிச்சார். 1990ல பிகார்டையே பிடிச்சு போர்க்கா மாத்திட்டாங்க, வுல்ஃப் 359ங்கற இடத்துல நடந்த சண்டையில ஹீரோ தரப்புல 39 கப்பல் போச்சு. ஆனா எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது அடுத்த எபிசோட்தான்: மீட்டுக் கொண்டுவந்த பிகார்ட் ஃபிரான்ஸ்ல அண்ணன் தோட்டத்துக்குப் போயி சேத்துல உக்காந்து அழுவார். போர்க் தோத்தும் காயம் விட்டுட்டுப் போச்சு. அதோட ஏழு சீசன்லயும் சேத்து ஆறே எபிசோட்லதான் போர்க் வருது.

அதுக்கப்புறம் வந்த வாயேஜர்ங்கற ஸ்டார் ட்ரெக் சீரிஸ்ல இது அப்படியே தலைகீழ். தனியா மாட்டிக்கிட்ட ஒத்தைக் கப்பல் போர்க்கிட்ட திரும்பத் திரும்ப மோதித் தப்பிக்குது. 2000ல கேப்டன் ஜேன்வேயும் இன்னும் ரெண்டு பேரும் தாங்களே திட்டம் போட்டு போர்க்கா மாறி திரும்பி வந்துடறாங்க, பிகார்டை உடைச்ச விஷயம் இங்க மருந்து குடுத்தா போயிடற காய்ச்சல் மாதிரி ஆயிடுச்சு. எனக்கு கோபமே வந்துச்சு.

டாக்டர் ஹூ பக்கம் வந்தா, டாலெக்ங்கறது உலோகக் கூட்டுக்குள்ள இருக்கிற வேற்றுகிரக வில்லன். அது 1963லேர்ந்து இருக்கு, படி ஏறத் தெரியாதுன்னு கிண்டல் வேற. (1988லயே படில மிதந்து ஏறிடுச்சு, கிண்டல் மட்டும் நிக்கல.) 2005ல ராப் ஷியர்மேன் எழுதின எபிசோட்ல யூட்டால நிலத்தடி மியூசியத்துல சங்கிலி போட்ட ஒரே ஒரு டாலெக். அது எதுவும் செய்யறதுக்கு முன்னாடியே ஹீரோ டாக்டரா நடிச்ச எக்கிள்ஸ்டன் பதறி கதவைத் தட்டறார் பாருங்க, பாதி பயம் அங்கேயே வந்துடும். அப்புறம் எல்லாரும் சிரிச்ச அந்த கழிவறை அடைப்புக்குழல் மாதிரி கையாலயே ஒரு ஆளைக் கொல்லுது, படிலயும் ஏறுது. அதே சீசன் கடைசில கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் டாலெக்கைக் கொண்டு வந்தாங்க, டாக்டரோட கூட வர்ற ரோஸ் உடம்புல டைம் வோர்டெக்ஸ்ங்கற காலத்தோட சக்தி புகுந்து ஒரு நொடில எல்லாம் தூசி. எண்ணிக்கை ஏறினா ஜெயிக்க மந்திரம்தான் வேணும், அது எனக்கு ஒட்டல.

பேர் கெட்டுப்போன வில்லனை மீட்கணும்னா டாலெக் வழிதான் சரி, ஒண்ணாக் குறைச்சு எதை வெச்சு சிரிச்சாங்களோ அதையே ஆயுதமாக்கணும். ஆனா இதை அடிக்கடி செய்ய முடியாது. புது வில்லன்னா என் ஓட்டு 1990 போர்க்குக்குத்தான், கொஞ்சமா வரட்டும், வந்தா ஹீரோ பழையபடி திரும்பக்கூடாது.