பழைய பிஎம்டபிள்யூ 320டி-யா, பழைய கேம்ரி ஹைபிரிடா?

320டி டீசல் கார்; டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓடுவது. ஒரே பட்ஜெட்டில் இரண்டும் கிடைக்கும்போது குழப்பம் வரத்தான் செய்யும்.

ஓட்டும் சுகம்: பின்சக்கர விசையில் ஓடும் 320டி வளைவுகளில் சொன்னபடி கேட்கும். கேம்ரியில் சுகம் பின் சீட்டில்தான்.

செலவு: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிஎம்டபிள்யூவின் விலை இறங்கினாலும் உதிரி பாகங்களின் விலை இறங்காது. ரன்-பிளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) விலை அதிகம், டைமிங் செயின் (இன்ஜினின் உள் பாகங்களை ஒரே தாளத்தில் இயக்கும் சங்கிலி) இன்ஜினின் பின்பக்கம் இருப்பதால் அதை மாற்றக் கூலியே பழுத்துவிடும். கேம்ரியில் பெரிய பயம் ஹைபிரிட் பேட்டரி. அதைக் குளிர்விக்கக் காற்று போகும் துவாரம் பின் சீட் பகுதியில் இருக்கும், தூசி அடைத்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

மைலேஜ்: நெடுஞ்சாலைக்கு டீசல், நகர நெரிசலுக்கு ஹைபிரிட்.

நீண்ட தூரம் ரசித்து ஓட்டுபவர், ரிப்பேருக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடிந்தால் 320டி எடுக்கலாம். தினமும் ஆபீஸ், வீட்டில் பெரியவர்கள் என்றால் கேம்ரிதான். சர்வீஸ் ரெக்கார்ட் சரியாக இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம்.