ஹட்டன்ல ஷீட் கதவு செய்யப் போறவங்களுக்கு

இலங்கை மலையகத்து ஹட்டன்ல வெல்டிங் பட்டறைக்கு ஒன்னும் பஞ்சமில்ல, ஆனா மெல்லிசு ஷீட்டுல கரண்ட் வெல்டிங் அடிக்க கை வேணும். டிக்கோயா ரோட்டுல இருக்கிற சின்ன பட்டறை ஒன்னுல எங்க இஸ்தோப்புக்கு, அதான் வீட்டு முன் வராந்தாவுக்கு, கதவு செஞ்சோம், பொக்ஸ் பார் (உள்ள பொள்ளலான சதுரக் கம்பி) பிரேம், அதுமேல 18 கேஜ் ஷீட், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தான். இதுக்கு முந்தி வேற எடத்துல செஞ்ச கதவு ஓரமெல்லாம் ஓட்ட விழுந்து, நடுவுல அப்பளம் மாதிரி நெளிஞ்சு கெடந்துச்சு, கேட்டா ஷீட்டு சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

ஷீட்டு மேல ஒரு குத்தமும் இல்லங்க. இந்தப் பட்டறை பாஸ் தடிச்ச 3.2 மில்லிமீட்டர் ரொட்ட, அதாவது வெல்டிங் குச்சிய, தொடவே இல்ல, 2 மில்லிமீட்டர்ல 6013ன்னு ஒரு வகை ரொட்ட மாட்டி இன்வெர்ட்டர் மெஷின 50 அம்பியர் கிட்ட வச்சிக்கிட்டு, மொதல்ல நாலு மூலைக்கும் பொட்டு வைக்கிறாரு, பெறகு ஒரு இன்ச் இந்தப் பக்கம், அடுத்தது எதிர்ப்பக்கம், அது ஆறுறதுக்குள்ள நடுவுல ஒன்னுன்னு மாத்தி மாத்தி தான் அடிக்கிறாரு. "ஒரே இழுவையா இழுத்தா சூடு ஏறி ஷீட்டு இழுத்துக்கும் தம்பி"ன்னாரு.

மழை ஊராச்சே, ரொட்டு நமத்துப் போனா ஒட்டுல ஊசித் தொள விழும், அதுக்கு பிஸ்கட் டின்னுல போட்டு மூடி எரியிற பல்புகிட்ட வச்சிருக்காரு. அடிச்ச எடத்துல கறுப்பா படியிற கசட சுத்தியலால தட்டி, கம்பி பிரஷ் போட்டு தேச்சப் பெறகு தான் துருவுக்கு அடிக்கிற ரெட் ஒக்சைட் பூசுறாரு. இத விட்டுட்டு பெயின்ட் அடிச்சா ஒரு மழைக்காலம் தாங்காது, பொருக்கு பொருக்கா கழண்டு வந்து உள்ளுக்கு துரு புடிச்சிரும்.

கொறையும் இருக்கு. பட்டறை ரோட்டப் பாத்து தொறந்து கெடக்கு, ஒரு மறைப்பும் இல்ல, ஸ்கூல் விட்டு வார புள்ளைங்க நின்னு வெளிச்சத்தையே பாக்குதுங்க, ராத்திரிக்கு கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும்னு அதுகளுக்கு யாரு சொல்றது? பாஸ் மூஞ்சிக்கு ஷீல்ட் போட்டுக்கிறாரு, ஒரு பழைய தார்ப்பாய் கட்டுனா என்ன கொறஞ்சிரும்? அப்புறம் சொன்ன தேதிக்கு சாமான் வராது, "நாளைக்கு தாரேன்"ன்னா அத ஒரு கிழமைன்னு வச்சிக்கோங்க.

கூலி மத்த எடத்த விட கொஞ்சம் கூடத்தான், குடுக்கலாம். ஞாயித்துக்கெழம மட்டும் கதவு எடுக்கப் போகாதீங்க, தோட்டத்து சனமெல்லாம் டவுனுக்கு எறங்குற நாளு, லொறி நிப்பாட்ட எடமே கெடைக்காது.