சேலத்தில் சிறு காமிக்ஸ் அச்சிட: டிஜிட்டல் பிரஸ்கள் எப்படி?

ஐம்பது, நூறு பிரதி போதும் என்று சொந்தமாகக் காமிக்ஸ் போட நினைப்பவர்களுக்குச் சேலத்து டிஜிட்டல் பிரஸ்கள் போதும். சிவகாசிக்கு ஓட வேண்டியதில்லை. ஐந்து ரோடு, நான்கு ரோடு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கக் கடைகளில் பிரிண்டிங் மெஷினைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. குளறுபடி எல்லாம் அதற்கு முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரிலும் பின்னால் இருக்கும் கட்டிங் மெஷினிலும்தான். இந்தக் கடைகளுக்குக் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் பில் புக்கும்தான் அன்றாடப் பிழைப்பு. பக்க வரிசை, நடுப்பின், ஓரத்தை ஒட்டி நிற்கும் பேச்சு பலூன் இதெல்லாம் அவர்களுக்கு எப்போதாவது வரும் வேலை. எந்தக் கடை என்று அலைவதைவிட, எதை அங்கே செய்யச் சொல்வது, எதை நாமே செய்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

கொஞ்சமாக அச்சடித்து நேராக வாசகருக்கு அனுப்பும் வழிக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளுக்குப் பல ஆண்டுகளாகச் சரக்கு அனுப்பிவந்த டைமண்ட் நிறுவனம் 2025 ஜனவரி 14 அன்று திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ‘விற்றால் காசு’ என்ற ஏற்பாட்டில் சிறு பதிப்பாளர்கள் அதன் கிடங்கில் வைத்திருந்த புத்தகங்களையே விற்றுக் கடனை அடைக்கப் பார்த்தது. அது பெரிய வழக்காயிற்று. விழாக்களை நம்பியும் இருக்க முடியவில்லை: 1974-இல் தொடங்கிய பிரான்ஸின் அங்குலேம் காமிக்ஸ் விழா, படைப்பாளிகளும் பதிப்பாளர்களும் புறக்கணித்ததால் 2026-இல் நடக்கவே இல்லை. நமக்கு நேரடி விற்பனை புதிதல்ல. 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய சிவகாசிப் பதிப்பகம் இன்றும் சந்தா கட்டும் வாசகர்களைத்தான் முதலில் நம்புகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது 32 பக்கம், கறுப்பு வெள்ளை உள்பக்கம், கலர் அட்டை, நடுவில் பின் அடித்த புத்தகம்.

முதல் சிக்கல் அளவில் வரும். பல கடைகளில் சாதாரணமாக ஓடுவது 12×18 அங்குலத் தாள். அதில் இரண்டு ஏ4 பக்கத்துக்குப் பக்கம் உட்காரும் என்பதால், ஏ4-ஐ மடித்தால் வரும் ஏ5 புத்தகம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் மெஷின் ஓரத்தில் சுமார் 4 மி.மீ. அச்சாகாது. தாளின் அகலம் 305 மி.மீ., ஏ4 உயரம் 297. படம் ஓரம்வரை போக வேண்டுமென்றால் ப்ளீடுக்கு, அதாவது வெட்டுக்கோட்டைத் தாண்டிப் படத்தை நீட்டிவிடும் ஓரத்துக்கு, இடமே இல்லை. வெட்டியபின் வெள்ளைக் கோடு தெரியும். 13×19 தாள் வைத்திருக்கும் கடையாகத் தேடலாம். அதைவிட எளிது புத்தகத்தையே 5.5×8.25 அங்குலமாகக் குறைப்பது. நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீடு விட்டாலும் 12×18-க்குள் அடங்கும். ஒரு தாளில் முன்னும் பின்னும் சேர்த்து 8 பக்கம், எனவே ஒரு புத்தகத்துக்கு 4 தாள், அட்டைக்கு அரைத் தாள். 50 பிரதிக்கு உள்பக்கம் 200 தாள், அட்டை 25. வீணாவதற்கு 10 தாள் கூடச் சொல்லுங்கள்.

பக்கம் சேர்ப்பதை, அதாவது எந்தப் பக்கத்தோடு எந்தப் பக்கம் அச்சாக வேண்டும் என்று அடுக்குவதை, கடையில் விட வேண்டாம். ஒரே முகத்தில் சேர்ந்து நிற்கும் இரு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 33 வர வேண்டும்: 32-ம் 1-ம், 2-ம் 31-ம், கடைசியில் 16-ம் 17-ம். பென்சிலால் எண் போட்ட மடிப்பு மாதிரி (டம்மி) ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் பாதிப் பேச்சு மிச்சம். பிரிண்ட் கொடுக்கும்போது ‘ஃபிட்’ என்று இருந்தால் ‘ஆக்சுவல் சைஸ்’ ஆக்கச் சொல்லுங்கள். இரண்டு சதவீதம் சுருங்கினாலே நிழலுக்குப் போடும் ஸ்க்ரீன்டோன் புள்ளிகள் அலையடிக்கும்.

காமிக்ஸுக்கு உயிர் கறுப்புதான், காசு கரைவதும் அங்கேதான். ஃபைல் ஆர்ஜிபியில் (திரைக்கான கலர் முறையில்) இருந்தால் மெஷின் நான்கு டோனரையும் கலந்து கறுப்பு ஆக்கும். கோட்டின் ஓரத்தில் மெல்லிய நிறம் கசியும். பில்லில் ஒவ்வொரு பக்கமும் கலர் கிளிக்காக, அதாவது கலர் பக்கக் கட்டணமாக, ஏறும். உள்பக்கங்களை வெறும் கறுப்பாக மாற்றி, அட்டையைத் தனி ஃபைலாகக் கொடுப்பதுதான் வழி. மைக்கோட்டு ஓவியம் என்றால் கிரேஸ்கேலும் (சாம்பல் நிறச் சாயல்கள் உள்ள ஃபைல்) வேண்டாம், கறுப்பு அல்லது வெள்ளை மட்டுமே உள்ள பிட்மேப், அங்குலத்துக்கு 1200 புள்ளி (1200 டிபிஐ). கிரேஸ்கேலில் கோட்டின் ஓரத்துச் சாம்பல் நிறம் புள்ளிகளாகச் சிதறி, பேனாக் கோடு ரம்பப்பல் போல ஆகிவிடும். மையைக் கரைத்துச் சாயம் பூசிய (வாஷ் போட்ட) பக்கம் மட்டும் கிரேஸ்கேலில் 300 டிபிஐயில் இருக்கட்டும்.

அடுத்தது தமிழ் எழுத்து. கடைக்காரர் பிடிஎஃப்பைப் பழக்கதோஷத்தில் கோரல் டிராவில் திறப்பார். எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ மூன்று துண்டாக உடைந்து நிற்கும். எழுத்து எல்லாவற்றையும் கர்வ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிட்டுத்தான் பிடிஎஃப் எடுக்க வேண்டும். அதற்கும் முன்பே, அடோபி மென்பொருளில் தமிழ் எழுத்தைச் சரியாகச் சேர்க்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே உடைந்த எழுத்தைக் கர்வ் ஆக்கினால் உடைந்தபடியே உறையும். கையெழுத்தில் பலூன் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு: அச்சில் எழுத்து உயரம் 2.5 மி.மீ.க்குக் கீழே போனால் ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகளை டோனர் அடைத்துவிடும்.

தாளுக்கு வருவோம். பக்கத்திலேயே பள்ளிபாளையத்தில் சேஷசாயி, கரூரில் டிஎன்பிஎல் என்று இரண்டு காகித ஆலைகள் இருப்பதால் பூச்சு இல்லாத சாதாரணப் புத்தகத் தாளான மேப்லித்தோவுக்குப் பஞ்சமில்லை. 70 ஜிஎஸ்எம்மில் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு) மறுபக்கக் கறுப்பு பேய் மாதிரித் தெரியும், 100 எடுங்கள். வெள்ளை வெளேரென்று இருப்பதைவிட நேச்சுரல் ஷேடில் மைக்கோடு கண்ணுக்கு இதம். கடைக்காரர் 130 ஆர்ட் பேப்பரைத்தான் சிபாரிசு செய்வார், பளபளவென்று ‘ரிச்’சாக இருக்கும் என்று. ஆனால் டியூப் லைட் வெளிச்சத்தில் அந்தப் பளபளப்பு கண்ணைக் கூச வைத்து, பக்கத்தைப் படிக்கவே முடியாது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மேப்லித்தோவில் பெரிய கறுப்புப் பரப்பு திட்டுத்திட்டாகத்தான் விழும். இரவுக் காட்சி நிறைந்த கதை என்றால் கூடுதல் காசு கொடுத்து வழவழப்பான, ஆனால் பூச்சு இல்லாத (அன்கோட்டட்) தாள் கேளுங்கள்.

அட்டைக்கு 250 ஜிஎஸ்எம். மடிப்பு விழும் இடத்தில் கறுப்போ அடர்நிறமோ இருந்தால் கிரீஸிங் (மடிப்புக்கு முன் அழுத்திப் போடும் பள்ளக்கோடு) போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டோனர் வெடித்து முதுகில் வெள்ளைக் கீறல். பத்திரிகை அடிக்கிற கடைகளில் கிரீஸிங் மெஷின் இருக்கும், கேட்டால்தான் போடுவார்கள். ஏற்காட்டுக்காரர்கள் லேமினேஷனில் கொஞ்சம் நிதானிக்கவும். அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஒட்டினால், உள்பக்கம் பனியின் ஈரத்தை உறிஞ்சி விரியும். அட்டை லேமினேஷன் பக்கமாகச் சுருண்டுகொள்ளும். மலைமேல் ஐப்பசி மழையில் அப்படிச் சுருண்ட அட்டையை எந்தப் பாரம் வைத்தும் நேராக்க முடியாது. லேமினேஷன் இல்லாத அட்டை கொஞ்சம் அழுக்கானாலும் பரவாயில்லை.

நடுப்பின்னைக் கடையில் விடலாமா? இதில் சேலத்துக் கடைகளுக்கு மதிப்பெண் குறைவு. சாதாரண ஸ்டேப்லர் நடு மடிப்புவரை எட்டாது என்பதால் சில இடங்களில் பக்கவாட்டில் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். புத்தகம் விரியாது, உள்ளோரப் பலூன் பாதி மறையும். நடு மடிப்புவரை எட்டும் நீளக் கை உள்ள லாங் ஆர்ம் ஸ்டேப்லர் ஒன்று வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சாதாரண 24/6 அளவுப் பின், பாதியாக வெட்டிய 8 தாளும் அட்டையும் சேர்ந்ததைச் சுளுவாகத் துளைக்கும். பின்னின் முதுகு அட்டையின் வெளியில், கால்கள் 16, 17-ஆம் பக்கத்து நடுவில் மடங்க வேண்டும்.

பின் அடித்தபிறகு ஓரம் வெட்டக் கடைக்கே திரும்பலாம். மடித்த தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று போவதால் நடுப்பக்கங்கள் சுமார் 1 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். அது வெட்டுப்பட்டுப் போகும் என்பதால் பலூனையும் பக்க எண்ணையும் ஓரத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே வையுங்கள். முதுகுப் பக்கம் தடிப்பாக இருப்பதால் முப்பது புத்தகத்தை ஒன்றாக அடுக்கிப் பிளேடு இறக்கினால் மேலே இருப்பது ஒரு அளவு, கீழே இருப்பது ஒரு அளவு. ஐந்தைந்தாக வெட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். முகம் சுளிப்பார்கள், செய்துகொடுப்பார்கள்.

முகூர்த்த மாதங்களில் போனால் காமிக்ஸ் வரிசையில் கடைசிதான். தேர்தல் நேரமும் அப்படியே. ஆடியும் மார்கழியும் கடை காற்றாடும் மாதங்கள்; டம்மிப் பிரதி ஒன்று அடித்துக் காட்டும் பொறுமையும் அப்போதுதான் இருக்கும். அந்த டம்மியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முன்பக்கக் கட்டமும் பின்பக்கக் கட்டமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பாருங்கள். 1 மி.மீ. சகிக்கலாம். 2 என்றால் தாளை ஏற்றியதில் கோளாறு, சரிசெய்யச் சொல்லலாம்.

அனுப்புவதற்கு: மலிவாக இருந்த பதிவு புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 மே முதல் அந்த இடத்தில் ‘ஞான் போஸ்ட்’. 300 கிராம்வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100, வரி தனி, டிராக்கிங் உண்டு. மேலே சொன்ன புத்தகம் ஒன்று சுமார் 62 கிராம், ஆக நான்கு பிரதியும் ஒரு அட்டைத்துண்டும் 20 ரூபாய்க்குள் போகும். பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் உள்ளே அச்சாகியிருக்க வேண்டும், விளம்பரம் கூடாது, குறித்த இடைவெளியில் வரும் இதழ் என்றால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அட்டையில் ‘மாத இதழ்’ என்று ஆசைக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள்; பின்னட்டை உள்பக்கத்தை நண்பரின் டீக்கடை விளம்பரத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் கூரியர் செலவையும் அவரிடமே வாங்கிவிடுங்கள்.