இ6பி: பேட்டரி வேண்டாத விமானக் கணிப்பான்

விமானப் பயிற்சியில் சேரும் மாணவர் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் வரைபடம், பாகைமானி, அளவுகோல் ஆகியவற்றோடு இ6பி என்ற கணிப்பானும் இருக்கும். ஒரு பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரண்டு வட்ட அளவுகோல்கள், மறுபக்கத்தில் கோடுகள் வரைந்த நீண்ட சட்டம், அதன்மேல் சுழலும் ஒளிபுகும் வட்டு, கருவி இவ்வளவுதான். கைப்பேசிச் செயலி செய்யும் வேலைக்கு இது எதற்கு என்ற கேள்வியைப் புதிய மாணவர்கள் தவறாமல் எழுப்புகிறார்கள். அலுமினிய வகை ஒன்றைப் பயிற்சிக்காலம் முழுவதும் பயன்படுத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: இதை வாங்க வேண்டும், தேர்வு முடிந்த பிறகும் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

கடந்த நேரத்தையும் வேகத்தையும் திசையையும் மட்டும் கொண்டு தாம் இருக்கும் இடத்தைக் கணிப்பது கப்பலோட்டிகளிடமிருந்து விமானிகள் பெற்றுக்கொண்ட முறை. 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு முப்பத்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தனியே பறந்த சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கை இம்முறையில்தான் கடந்தார். மறு ஆண்டு அவருக்கு வழிசெலுத்தல் கற்பித்த வீம்ஸ் என்ற கடற்படை அதிகாரியோடு சேர்ந்து பணியாற்றியவர் பிலிப் டால்டன். 1930களில் டால்டன் வடிவமைத்த கணிப்பானே இன்று இ6பி என்ற பெயரில் விற்கப்படுகிறது. அவர் 1941இல் விமான விபத்தில் இறந்தார். அவர் வகுத்த அமைப்பு அடிப்படையில் மாறவே இல்லை.

வட்ட அளவுகோல்கள் மடக்கை முறையில் பிரிக்கப்பட்டவை. வெளிவட்டம் தூரத்துக்கும் உள்வட்டம் நிமிடங்களுக்கும் உரியது. உள்வட்டத்தில் 60 இருக்குமிடத்தில் ஒரு கரு முக்கோணம் உண்டு; அதை வெளிவட்டத்தில் வேகத்துக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிடங்களில் எவ்வளவு தூரம் என்பதற்கான விடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கும். வேகம் மணிக்கு 105 கடல் மைல் என்றால் முக்கோணத்தை 10.5க்கு நேரே நிறுத்தி (10.5க்கும் 105க்கும் அளவுகோலில் ஒரே இடம்தான்), உள்வட்டத்தின் 17க்கு மேலே பார்க்க வேண்டும். 17இன் கோடு 29க்கும் 30க்கும் இடையே, 30ஐ ஒட்டி நிற்பதுபோல் அளவு தெரியும். ஆனால் அது 2.97ஆ, 29.7ஆ, 297ஆ என்பதைக் கருவி சொல்லாது. கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 26 மைல் போயிருப்போம் என்று மனம் முன்பே கணக்கிட்டிருந்தால்தான் விடை 29.7 என்று துணிய முடியும். குறைபாடு போலத் தோன்றும் இதையே நான் இக்கருவியின் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். எண்களைத் தவறாகத் தட்டினாலும் மின்னணுக் கணிப்பான் ஒரு விடையைத் தந்துவிடும். இந்த வட்டைக் கையாள்பவர் உத்தேச விடை இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

இதன் முழுப் பயன் காற்று வீசும்போது தெரியும். சேலம் விமான நிலையத்திலிருந்து புதுச்சேரி நேர்க்கோட்டில் ஏறத்தாழ 103 கடல் மைல். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானம் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் பறப்பதாகவும், தென்மேற்குப் பருவகாலத்தில் மேற்கிலிருந்து 20 நாட் காற்று வீசுவதாகவும் கொள்வோம். போகும்போது தரைவேகம், அதாவது தரையைப் பொறுத்த வேகம், ஏறத்தாழ 120. பயணம் 51 அல்லது 52 நிமிடம். திரும்பும்போது தரைவேகம் 80; பயணம் 77 நிமிடம். போகும்போது காற்று மிச்சப்படுத்தித் தரும் நேரத்தைவிட வரும்போது பறித்துக்கொள்ளும் நேரம் அதிகம் என்பதை வட்டைத் திருப்பும் கையே உணர்ந்துவிடும். மணிக்கு 32 லிட்டர் எரிபொருள் செலவாகும் என்றால் முக்கோணத்தை 32இல் வைத்து 77க்கு மேலே பார்க்கலாம்: 41 லிட்டர். காற்று பக்கவாட்டில் வீசினால் மறுபக்கத்து வட்டில் ஒரு பென்சில் புள்ளி இட்டு, திசைத் திருத்தத்தையும் தரைவேகத்தையும் சேர்த்தே படிக்கலாம். விமானத்தின் வேகத்தையும் காற்றின் வேகத்தையும் கோடுகளாக்கிக் காற்று முக்கோணமாகத் தாளில் வரையும் வேலை இதனால் முற்றிலும் மிச்சம்.

முன்கூட்டிய கணக்கு வானத்தில் அப்படியே பலிப்பதில்லை. காற்றைப் பற்றிய முன்னறிவிப்பு அவ்வளவு துல்லியமானது அல்ல. ஐந்து இருப்புப்பாதைகள் கூடும் விழுப்புரம் மேலிருந்து பார்ப்பவருக்கு நல்ல அடையாளம். சேலத்திலிருந்து சுமார் 84 கடல் மைலில், புதுச்சேரிப் பாதையின் மேலேயே இருக்கிறது. 42ஆம் நிமிடத்தில் வரவேண்டிய ஊர் 45ஆம் நிமிடத்தில் வந்தால், 84க்குக் கீழே 45ஐ வைத்தவுடன் முக்கோணம் 112 என்ற உண்மையான தரைவேகத்தைக் காட்டும். வட்டை அசைக்காமலேயே மீதமுள்ள 19 மைலுக்குக் கீழே பார்த்தால் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரே திருப்பலில் பழைய கணக்கும் திருந்துகிறது, புதிய கணக்கும் கிடைக்கிறது. திரை தொட்டு இயங்கும் எந்தச் செயலியிலும் எனக்கு இந்த வசதி இவ்வளவு இயல்பாக வாய்த்ததில்லை.

ஜிபிஎஸ் காலத்தில் இதெல்லாம் தேவையா என்பவர்களுக்கு ஒரு செய்தி: 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், ஜிபிஎஸ் குறுக்கீடு பற்றிய 465 நிகழ்வுகள் பதிவானதாக ஒன்றிய அரசு மக்களவையில் தெரிவித்தது. பெரிய விமானங்களுக்கு மாற்று வழிசெலுத்தல் கருவிகள் உண்டு. சிறிய விமானத்தில் தனியே பறக்கும் மாணவருக்குக் கடிகாரம், திசைகாட்டி, வரைபடம் ஆகியவற்றோடு இந்த வட்டுதான் துணை.

குறைகளும் இருக்கின்றன. அளவுகோல் 10க்கும் 20க்கும் இடையே விரிந்தும் 80ஐத் தாண்டினால் நெருங்கியும் இருப்பதால், மேல் எண்களில் படிப்பது கண்ணுக்குச் சிரமம். பெருக்கலுக்கான 10 குறியையும் வேகத்துக்கான 60 முக்கோணத்தையும் தொடக்கத்தில் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். குலுங்கும் விமானத்தில் இதற்கு இரண்டு கைகளும் தேவைப்படுவதால், ஒரு கை எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய விமானிக்கு இது உண்மையான இடர். ஒற்றைக் கையால் திருப்பப் பழகும் வரை தரையிலேயே பயில வேண்டும். என்னிடம் உள்ளதில் ஒளிபுகும் வட்டு நாளடைவில் கீறல் விழுந்து மங்கிவிட்டது.

அட்டையில் செய்தவை மலிவானவை, வகுப்பறைக்குப் போதும். ஆனால் கடலோர ஈரப்பதத்தில் வளைந்துவிடும். பிளாஸ்டிக் வகையை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவரக் கூடாது. கூடுதல் விலை கொடுத்தாலும் அலுமினியமே நீண்டகாலம் உழைக்கிறது. கடையில் எடுத்துப் பார்க்கும்போது இரு வட்டங்களின் 10 குறிகளையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்து, 20, 50, 90 ஆகிய எண்களும் அப்படியே நேராக அமைகின்றனவா என்று சுற்றிலும் சரிபாருங்கள். மயிரிழை விலகியிருந்தாலும் வேறொன்றைக் கேளுங்கள். வட்டு கட்டைவிரலால் தள்ளினால் சுழல வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். கோட்டுச் சட்டமும் தலைகீழாகப் பிடித்தால் நழுவி விழாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.