ஏற்காட்டில் திறக்காத நூல்கள்: ஒரு மின்னூல் செயலியின் மதிப்பீடு

மூன்று ஆண்டுகளாக ஒரு செயலியில் தமிழ் மின்னூல்கள் வாங்கிவருகிறேன். இதே முறையில் நடக்கும் கடைகள் பல இருப்பதால் பெயர் சொல்லத் தேவையில்லை. விலை அச்சு நூலில் பாதிதான். எழுத்துரு கண்ணை உறுத்துவதில்லை. புள்ளி வைத்த எழுத்து சொல்லிலிருந்து பிரிந்து அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்கும் அசிங்கமும் இதில் இல்லை.

சென்ற மே மாதம் ஏழு நூல்களைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்பட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, காப்பித் தோட்டத்தின் நடுவே சிக்னல் எட்டாத விடுதியொன்றில் அமர்ந்து செயலியைத் திறந்தால், உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் இணையுமாறு ஒரு பெட்டி வந்து நின்றது. ஒவ்வோர் அட்டைக்கும் கீழே ‘இறக்கப்பட்டது’ என்ற பச்சைக் குறி மட்டும் குறைவின்றி இருந்தது. கோப்பு என் கையில் இருந்தாலும் அதைத் திறக்கும் சாவி நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது என்பதும், குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் விளங்கின. ஏரிக்கரை வரை நடந்துவந்து சிக்னல் பிடித்த பிறகே நூல்கள் திறந்தன.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பணிவான பதில் வந்தது: நான் வாங்கியது நூலை அன்று, படிப்பதற்கான உரிமத்தை. பொத்தானில் மட்டும் ‘வாங்குக’ என்றே போட்டிருக்கிறார்கள்.

இது சில்லறைத் தொல்லை என்று தள்ள முடியவில்லை. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்பதால், வாசகர்களின் கிண்டில் என்னும் மின்னூல் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது, பின்னர் மன்னிப்பும் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற நூல்கள் அனைத்தும் திறக்காமற்போயின. அங்கும் பணம் திரும்பியது. ஓரங்களில் குறிப்பெழுதியவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். என் குறிப்புகளுக்கு நான் என்ன விலை சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

1998-இல் தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் இறக்கிய சங்க நூல்கள், மூன்று கணினிகள் மாறிய பிறகும் எந்தக் கேள்வியும் கேட்காமல் திறக்கின்றன. பூட்டில்லாத இபப் (EPUB) என்னும் மின்னூல் கோப்பாகவே விற்கும் பதிப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவதைப் பென்டிரைவில் ஒரு படி எடுத்து வைத்துவிடுகிறேன். இந்தச் செயலியில் இனி, பேருந்துப் பயணத்தில் படித்து மறந்துவிடும் துப்பறியும் கதைகள் மட்டும்.